தமிழில் ஸ்லைடு: கடைசி வரிசைக்கும் தெரிய எழுத்து அளவு, வரி இடைவெளி, தலைப்பு எப்படி வைப்பது?

கரிசல்மண்
வணக்கம். நீர்வளக் கருத்தரங்கு ஒன்றில் தமிழ்நாட்டின் பருவமழையும் ஏரி நிரம்பும் காலமும் பற்றித் தமிழில் பேச வேண்டும். மொத்தம் 20 நிமிடம். அதில் கேள்விக்கு 4. கேட்பவர்களில் விவசாயிகள், நீர்வளத் துறைப் பொறியாளர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லாரும் உண்டு.

அரங்கத் திரை 8 அடிக்கு 6 அடி. ப்ரொஜெக்டர் 1024×768. கடைசி வரிசை திரையிலிருந்து 12 மீட்டர். தரை சமதளம். விளக்குகளை முழுக்க அணைக்க மாட்டார்கள்.

கையில் 28 ஸ்லைடு இருக்கிறது. 16:9 வார்ப்புரு, லதா எழுத்துரு, உரை 24 பாயிண்ட். மாதிரிக்கு ஒன்று:

தலைப்பு: மழையளவு – ஓர் அறிமுகம்
• ஆண்டு சராசரி மழை சுமார் 920 மி.மீ.
• தென்மேற்குப் பருவமழை, ஜூன்–செப்டம்பர்: சுமார் 320 மி.மீ.
• வடகிழக்குப் பருவமழை, அக்டோபர்–டிசம்பர்: சுமார் 440 மி.மீ.
• கோடை மழை சுமார் 130, குளிர்கால மழை சுமார் 30 மி.மீ.
• வடகிழக்குப் பருவமழை மாநில நீர்வளத்தில் முக்கியப் பங்கு வகிக்கிறது

வலப்பக்கம் நாலு நிறத்தில் ஒரு பை சார்ட். 24 பாயிண்ட் போதுமா? வேறு என்ன மாற்ற வேண்டும்?

வெண்பலகை
அரங்க அளவைக் கொடுத்துவிட்டீர்கள், அதனால் ஊகிக்காமல் கணக்காகவே பார்த்துவிடலாம்.

பவர்பாயிண்ட் ஸ்லைடின் உயரம் 7.5 அங்குலம், அதாவது 540 பாயிண்ட். 24 பாயிண்ட் எழுத்து அந்த உயரத்தில் 540இல் 24 பங்கு. உங்கள் திரை ஏறக்குறைய 2.4 மீ அகலம், 1.8 மீ உயரம். 1024×768 ப்ரொஜெக்டர் 4:3 விகிதம். அதில் 16:9 ஸ்லைடைப் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும்; படத்துக்குக் கிடைக்கும் உயரம் 1.35 மீ மட்டுமே. திரையில் கால்வாசி வீண்.

இந்த 1.35 மீட்டரில் 24 பாயிண்ட் என்பது 6 செ.மீ. ஆனால் அது எழுத்தின் முழுக் கட்டத்தின் உயரம். மேலே ‘கி’யின் விசிறிக்கும் கீழே ‘பு’வின் கோட்டுக்கும் இடம் விட்டது போக ‘ப’ என்ற எழுத்தின் உடல் தோராயமாக அதில் பாதி, 3 செ.மீ. எழுத்துருவைப் பொறுத்துச் சற்றுக் கூடும், குறையும். பார்வைத் தூரத்தை 300ஆல் வகுத்தால் வருவது எழுத்துடலுக்குக் குறைந்தபட்ச உயரம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். 12 மீட்டருக்கு 4 செ.மீ. ஆக, உங்கள் 24 பாயிண்ட் கடைசி வரிசைக்குப் போதாது.

அதே 24 பாயிண்டை 4:3 ஸ்லைடில் வைத்தால் திரையின் முழு உயரமும் கிடைக்கும். எழுத்துடல் 4 செ.மீ. ஆகிவிடும். 16:9லேயே இருக்க வேண்டுமென்றால் 32 பாயிண்ட் வேண்டும். நான் உங்கள் இடத்தில் 4:3க்கு மாறி, உரையை 28இலும் தலைப்பை 36இலும் வைப்பேன். டிசைன் தாவலில் ஸ்லைடு சைஸ், அதில் ஸ்டாண்டர்டு 4:3. இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். எல்லாம் அடுக்கிய பிறகு மாற்றினால் ‘மேக்சிமைஸா, என்ஷூர் ஃபிட்டா’ என்று கேட்கும். முதலாவது ஓரங்களை வெட்டும், இரண்டாவது எல்லாவற்றையும் சுருக்கும். இரண்டிலுமே ஒவ்வொரு ஸ்லைடையும் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

சமதளத் தரை என்கிறீர்கள். முன்வரிசைத் தலைகள் திரையின் கீழ்ப்பகுதியை மறைக்கும். கீழிருந்து ஐந்தில் ஒரு பங்கில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள். கிராஃபின் கிடை அச்சுப் பெயர்கள் சரியாக அங்கேதான் போய் உட்காரும்.

நீலமை
அளவைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் தமிழில் வரி இடைவெளி சரியில்லையென்றால் 32 பாயிண்டும் படிக்க வராது.

வழக்கமான ஆஃபீஸ் தீமில் வரி இடைவெளி 90 விழுக்காடு. ஆங்கிலத்துக்கு அது ஒத்துவரும். தமிழில் மேல் வரியில் ‘பு, சு, வு’ இறக்கும் கீழ்க்கோடும், கீழ் வரியில் ‘கி, ரீ’ தூக்கும் விசிறியும் ஒன்றையொன்று தொடும். பக்கத்தில் உட்கார்ந்து மானிட்டரில் பார்த்தால் அது உறுத்தாது. 10 மீட்டரிலிருந்து பார்த்தால் இரண்டு வரியும் ஒரே கறையாகத் தெரியும். பாரகிராஃப் அமைப்பில் லைன் ஸ்பேசிங் ‘மல்டிபிள்’ 1.15 வையுங்கள். ஒவ்வொரு பெட்டியாகப் போகாமல், எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான ஸ்லைடு மாஸ்டரில் ஒரே தடவை.

அடுத்து ஆட்டோஃபிட். பெட்டிக்குள் உரை கூடக்கூடப் பவர்பாயிண்ட் கேட்காமலே எழுத்தைச் சுருக்கும், வரி இடைவெளியையும் 10, 20 விழுக்காடு என்று குறைக்கும். நீங்கள் 28 வைத்திருந்தாலும் திரையில் விழுவது 28 இல்லை. ஒரு ஸ்லைடில் எழுத்து பெரிதாகவும் அடுத்ததில் சிறிதாகவும் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஃபார்மட் ஷேப், டெக்ஸ்ட் ஆப்ஷன்ஸ், டெக்ஸ்ட் பாக்ஸ், அங்கே ‘டூ நாட் ஆட்டோஃபிட்’. இதையும் மாஸ்டரிலேயே வைத்துவிடுங்கள். பிறகு உரை பெட்டியை விட்டு வழிந்தால் எழுத்தைச் சுருக்காமல் வாசகத்தை வெட்டுங்கள்.

லதா உங்களுக்குத் தானாக வந்திருக்கும், ஏனென்றால் ஆஃபீஸ் தீம் தமிழுக்கு லதாவைத்தான் எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ கூடவே வருகிறது. திரையில் லதாவைவிடத் தெளிவு. இன்னும் தடிமன் வகைகள் வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ். கூகுள் ஃபாண்ட்ஸில் இறக்கிய தொகுப்பில் ‘ஸ்டாட்டிக்’ என்ற உறைக்குள் இருக்கும் தனித்தனிக் கோப்புகளை நிறுவுங்கள். எல்லாத் தடிமனும் ஒன்றாக அடங்கிய வேரியபிள் கோப்பைப் பவர்பாயிண்ட் சரியாகக் கையாளாது.

நிஜமான தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் தடிமனாக்கும் ‘B’ பொத்தானை அழுத்தினால் மென்பொருளே கோட்டை ஊதிப் பெருக்கும். ‘ண, ஐ, ஞ’ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துப் போகும். சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டவே வேண்டாம். அழுத்தம் கொடுக்க நிறம் போதும். ஜஸ்டிஃபை செய்யாதீர்கள், நம் சொற்கள் நீளம், வரிக்கு மூன்று நாலுதான் கொள்ளும், இடையில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். கேரக்டர் ஸ்பேசிங்கைத் தளர்த்தினால் ‘கொ’வின் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும்.

ஓரப்புள்ளி
எல்லாரும் எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அந்தத் தலைப்புக்கு வருகிறேன்.

> மழையளவு – ஓர் அறிமுகம்

இதைப் படித்தவருக்கு என்ன தெரிந்தது? ஒன்றும் இல்லை. உங்கள் ஐந்து வரியில் சொல்ல வந்தது ஒரே விஷயம்: பாதி மழை மூன்றே மாதத்தில் பெய்துவிடுகிறது. அதைத் தலைப்பில் முழு வாக்கியமாகப் போடுங்கள்: ‘ஆண்டு மழையில் 48 விழுக்காடு அக்டோபர்–டிசம்பரில் பெய்கிறது’. கீழே அதற்கான சான்று மட்டும். பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆலி அறிவியல் உரைகளுக்குப் பல ஆண்டுகளாக வலியுறுத்தும் முறை இது: மேலே முடிவு, கீழே படமாகச் சான்று, புள்ளிக்குறிப் பட்டியல் கிடையாது.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் ஒரு கவனம் தேவை. தலைப்பு மூன்று வரிக்கு நீண்டால் முடிவு மூன்றாவது வரியில் போய் ஒளிந்துகொள்ளும். இரண்டு வரி, ஏழெட்டுச் சொல், அதற்குள் முடியுங்கள். வரியை எங்கே உடைப்பது என்பதை மென்பொருளிடம் விடாதீர்கள். ஷிஃப்ட்–என்டர் அடித்துப் பொருள் பிரியும் இடத்தில் உடையுங்கள்: ‘ஆண்டு மழையில் 48 விழுக்காடு’ என்பது ஒரு வரி, ‘அக்டோபர்–டிசம்பரில் பெய்கிறது’ அடுத்த வரி. ‘48’ மேல் வரியிலும் ‘விழுக்காடு’ கீழ் வரியிலும் கிடந்தால் கண் ஒரு நொடி தடுமாறும்.

பை சார்ட்டை எடுத்துவிடுங்கள். நாலு துண்டு, நாலு நிறம், ஓரத்தில் நிற விளக்கம். பார்ப்பவர் துண்டுக்கும் விளக்கத்துக்கும் மாறி மாறிக் கண்ணை ஓட்ட வேண்டும். கிடைப் பட்டைகளாக நாலு போடுங்கள். பருவப் பெயர் இடப்பக்கம் படுக்கையாக வரும். நிற்கும் பட்டைகளாகப் போட்டால் ‘தென்மேற்குப் பருவமழை’ கீழே கொள்ளாது, எக்செல் அதை 45 பாகை சாய்த்துவிடும். சாய்ந்த தமிழைக் கழுத்தைச் சாய்க்காமல் படிக்க முடியாது. மூன்று பட்டை சாம்பல், வடகிழக்கு மட்டும் அடர்நீலம். எண்ணைப் பட்டை முனையிலேயே எழுதுங்கள். அதன்பின் கீழ் அச்சும் வேண்டாம், கட்டக் கோடுகளும் வேண்டாம்.

இரண்டு சின்ன விஷயம். கிடைப் பட்டையில் எக்செல் வரிசையைக் கீழிருந்து மேலாக அடுக்கும். அச்சு அமைப்பில் ‘கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்’ தேர்ந்தால் குளிர்காலம் மேலே வந்து நாட்காட்டி ஒழுங்கு கிடைக்கும். கிராஃபுக்குள் எழுத்து தொடக்கத்தில் 12 பாயிண்டில்தான் இருக்கும். உரையை 28க்கு உயர்த்துபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். குறைந்தது 24 ஆக்குங்கள்.

புள்ளிக்குறிப் பட்டியலுக்குள் முக்கியச் செய்தி எப்படிப் புதைந்து போகும் என்பதற்கு 2003ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பி 82 நொடிக்குள் வெளித்தொட்டியின் நுரைக்காப்புத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. ஓடம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் நாசா மேலாளர்களுக்கு ஸ்லைடுகளில் விளக்கினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகள் வெப்பக்காப்பு ஓடுகளின் பாதிப்பை மிகைப்படுத்தியே காட்டுகின்றன என்று நம்பிக்கை தரும் தொனியில் இருந்தது. அதே ஸ்லைடின் அடிமட்டத்தில், உள்ளே தள்ளிய துணைக்குறிப்பாக ஒரு வரி: மோதிய துண்டு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம். 640 மடங்கு வித்தியாசம்! அந்தச் சோதனையை வைத்து இந்த மோதலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் தலைப்பாக இருந்திருக்க வேண்டும். பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் இறந்தார்கள். ஸ்லைடுதான் விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தான நிலை என்பது அந்த ஸ்லைடைப் படித்த மேலாளருக்குத் தெரியாமல் போயிருக்கலாம் என்று விசாரணை வாரிய அறிக்கையே எழுதியது. தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு காட்டும் பழக்கத்தையும் அது கண்டித்தது.

இழைக்கோடு
ஓரப்புள்ளி சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பு. நம் ஊரில் ஸ்லைடு பேச்சோடு முடிவதில்லை. அன்று மாலையே வாட்ஸப் குழுவில் போகும், வராதவர்கள் அதைப் படிப்பார்கள், துறைக் கோப்பிலும் சேரும். நாலு பட்டையும் ஒரு தலைப்பும் மட்டும் இருந்தால் பேச்சைக் கேட்காதவருக்கு ஒன்றும் புரியாது. முழு வாசகம் இருப்பதில் என்ன தவறு?

ஓரப்புள்ளி
வராதவருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது நியாயமான தேவைதான். அதற்காக அரங்கில் உட்கார்ந்திருப்பவரைச் சிரமப்படுத்தக் கூடாது. திரையில் பத்தி இருந்தால் அவர் அதைப் படிப்பார், படிக்கும் நேரத்தில் உங்கள் பேச்சு காதில் ஏறாது. நீங்களும் அதே பத்தியை வாசித்தால் இன்னும் மோசம்: அவர் உங்களைவிட வேகமாகப் படித்து முடித்துவிட்டுக் காத்திருப்பார். ஒரே சொற்களைக் காதுக்கும் கண்ணுக்கும் ஒன்றாகக் கொடுப்பது கற்றலைக் குறைக்கிறது என்பதை ரிச்சர்ட் மேயர் போன்ற கல்வி உளவியலாளர்கள் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள்.

வழி எளிது. ஸ்லைடுக்குக் கீழே நோட்ஸ் பகுதி இருக்கிறதல்லவா? சொல்லப்போகும் விளக்கத்தை அங்கே முழு வாக்கியங்களாக எழுதுங்கள், ஒரு ஸ்லைடுக்கு 60–80 சொல். பிரிண்ட் அமைப்பில் ‘நோட்ஸ் பேஜஸ்’ தேர்ந்து பிடிஎஃப் எடுத்தால் மேலே படம், கீழே விளக்கம். குழுவில் அனுப்ப வேண்டியது அந்தப் பிடிஎஃப்.

இழைக்கோடு
நோட்ஸ் பக்கம் அனுப்பலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு இடத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். விவசாயிகள் முன் பேசும்போது தேதி, அளவு, அலுவலகப் பெயர் போன்றவை திரையில் எழுத்தாக இருக்கத்தான் வேண்டும். அவர்கள் அதை ஃபோனில் படம் எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு ஸ்லைடைக் கடைசியில் வைத்து, கேள்வி நேரம் முழுக்கத் திரையில் விட்டுவிடுங்கள்.

கரிசல்மண்
இது நல்ல யோசனை. ‘நன்றி’ ஸ்லைடுக்குப் பதில் அதை வைக்கிறேன்.

இன்னும் மூன்று கேள்வி. 10 மாவட்டம், 6 நெடுவரிசையில் ஓர் அட்டவணை இருக்கிறது. பாசனப் பரப்பு லட்சக் கணக்கில். அதை என்ன செய்வது? ஒரு பகுதி பழைய பாமினி எழுத்துருவில் வந்திருக்கிறது. பின்னணி நிறம் அடர்நீலமாக இருக்கலாமா?

வெண்பலகை
அட்டவணையைப் பார்ப்போம். 60 எண்ணைத் திரையில் யாரும் படிக்க மாட்டார்கள். நீங்கள் வாயால் குறிப்பிடப்போகும் மூன்று மாவட்டம், இரண்டு நெடுவரிசை மட்டும் திரையில். முழு அட்டவணை அச்சிட்டுக் கையில் கொடுக்கும் தாளில். எண்களை வலப்பக்கம் ஒட்டி நிறுத்துங்கள், தசம இடம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும், அலகைத் தலைவரிசையில் ஒரு முறை எழுதினால் போதும்.

லட்சம், கோடிக்கு ஏற்ற காற்புள்ளி கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. வேறு கணினியில் 10,00,000 என்பது 1,000,000 ஆகிவிடும். எக்செல்லில் கஸ்டம் நம்பர் ஃபார்மட்டாக இதைக் கொடுத்தால் எங்கே திறந்தாலும் மாறாது:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

அதைவிட நல்லது, ‘3.2 லட்சம் ஏக்கர்’ போலச் சுருக்கி எழுதுவது. கேட்பவர் தலையில் நிற்கும்.

எக்செல் கிராஃபை ஒட்டும்போது ‘எம்பெட்’ தேர்ந்தால் அந்த ஒரு தாள் மட்டுமல்ல, முழு ஒர்க்புக்கும் ஸ்லைடுக்குள் போய் உட்காரும். பெயர், சர்வே எண், வங்கிக் கணக்கு இருக்கும் தாளும் கூடவே போகும். கோப்பைப் பிறருக்கு அனுப்புவதாக இருந்தால் கிராஃபைப் படமாக ஒட்டுங்கள்.

நீலமை
பாமினி யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளே இல்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருவை மட்டும் மாற்றினாலும் அதேதான். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் உரையைப் போட்டு யூனிகோடாக்கி, ‘பேஸ்ட் டெக்ஸ்ட் ஒன்லி’ மூலம் ஒட்டுங்கள். மாற்றிய பிறகு ஒரு முறை முழுக்கப் படியுங்கள். கிரந்த எழுத்து, அடைப்புக்குறி, இடையில் வரும் ஆங்கிலச் சொல் ஆகிய மூன்றும்தான் வழக்கமாகச் சிதையும்.

அரங்கக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்கும் என்று நம்பாதீர்கள். ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ், அங்கே ‘எம்பெட் ஃபாண்ட்ஸ் இன் த ஃபைல்’. அதில் ‘எல்லா எழுத்துகளும்’ என்ற இரண்டாவது தெரிவு. அப்போதுதான் அங்கே போய் ஒரு சொல்லைத் திருத்த முடியும். கூடவே ஒரு பிடிஎஃப் பிரதி.

பின்னணி: விளக்கு எரியும் அறையில் அடர்நீலம் வேண்டாம். ப்ரொஜெக்டரால் கறுப்பை உண்டாக்க முடியாது. வெள்ளைத் திரையில் ஒளி விழாத இடம்தான் அதற்குக் கறுப்பு. விளக்கொளி விழுந்தால் உங்கள் அடர்நீலம் வெளிறிய சாம்பலாகிவிடும், அதன்மேல் வெள்ளை எழுத்து கரைந்துபோகும். வெள்ளைப் பின்னணி, கருமையான எழுத்து. நீலத்தின்மேல் சிவப்பு எந்த அறையிலும் ஆகாது. சிவப்பு–பச்சை வேறுபாட்டை மட்டும் நம்பி எதையும் காட்டாதீர்கள். நிறக்குறைபாடு உள்ளவர்கள் எந்த அரங்கிலும் இருப்பார்கள்.

கரிசல்மண்
4:3க்கு மாற்றிவிட்டேன். நிர்மலா யூஐ, உரை 28, இடைவெளி 1.15, ஆட்டோஃபிட் இல்லை. 28 ஸ்லைடு 13 ஆயிற்று. ஏரி நிரம்பும் ஸ்லைடுக்குத் தலைப்பு இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

‘வடகிழக்குப் பருவமழை தாமதமானால் ஏரிகள் நிரம்புவதில் ஏற்படும் பாதிப்புகள்’

ஓரப்புள்ளி
இன்னும் அது பொருளடக்கத் தலைப்புதான். ‘பாதிப்புகள்’ என்று நிறுத்தாமல் என்ன பாதிப்பு என்று சொல்லுங்கள். உங்கள் தரவு எதைக் காட்டுகிறதோ அதை: ‘மழை நவம்பருக்குத் தள்ளினால் / ஏரி பாதிதான் நிரம்புகிறது’ என்ற வகையில். அந்தப் ‘பாதி’ உங்கள் கிராஃபில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் தலைப்பை மாற்றுங்கள், அல்லது அந்த ஸ்லைடையே எடுத்துவிடுங்கள்.

வெண்பலகை
13 ஸ்லைடு, 16 நிமிடம், சரியாக இருக்கும். அரங்குக்கு அரை மணி முன்னால் போய், ஒரு கிராஃப் ஸ்லைடைப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையின் ஓர நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நடு நாற்காலியில் தெரிவது ஓரத்தில் தெரியாது. யாராவது இடையில் கேள்வி கேட்டால் விசைப்பலகையில் ‘B’ அழுத்துங்கள், திரை கறுப்பாகும். மறுபடி அழுத்தினால் அதே ஸ்லைடு வரும். குறிப்பிட்ட ஸ்லைடுக்குப் போக அதன் எண்ணைத் தட்டி என்டர். 13 ஸ்லைடின் எண்ணையும் தலைப்பையும் ஒரு தாளில் எழுதி மேடையில் வைத்துக்கொள்ளுங்கள்.